இல்லமும் இயக்கமும்

நுழையும்முன்

உணவைப் பற்றியும் உடலைப் பற்றியும் நம் முன்னோர் ஆழ்ந்து சிந்தித்துள்ளனர். திருக்குறளில் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரம், மருந்துகளின் பெயர்களைக் கூறாமல் உண்ணும் முறையையே பெரிதும் பேசுகிறது. உண்ட உணவு உழைப்பாகச் செலவான காலத்தில் அவ்வறிவுரையே போதுமானதாக இருந்தது. இன்று உண்பதும் மாறியிருக்கிறது, உழைப்பதும் மாறியிருக்கிறது. வளரிளம் பருவத்தினரிடையே மிகுந்துவரும் உடல் எடைக்கு அவர்களுடைய நாவையும் சோம்பலையும் காரணமாகக் கூறுவது வழக்கம். அவர்கள் வாழும் வீட்டின் அன்றாட நடைமுறைக்கும் பெற்றோரின் சொல்லுக்கும் செயலுக்கும் அதிலுள்ள பங்கை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வளரும் பருவம்

10 வயது முதல் 19 வயது வரையிலான காலத்தை வளரிளம் பருவம் என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. பிறந்த முதல் ஆண்டுக்கு அடுத்தபடியாக மனித உடல் விரைந்து வளர்வது இப்பருவத்தில்தான். உயரம் கூடுகிறது, எலும்புகள் உறுதி பெறுகின்றன, ஆண்களுக்குத் தசையும் பெண்களுக்குக் கொழுப்புத் திசுவும் இயல்பாகவே மிகுகின்றன. ஆகவே, இவ்வயதில் எடை கூடுவது நோயன்று, வளர்ச்சியின் அடையாளம். வயதுக்கும் உயரத்துக்கும் பொருந்தாத அளவில் கொழுப்புச் சேரும்போதுதான் அது மிகை எடை எனப்படுகிறது. அதனினும் மேற்பட்ட நிலையை உடற்பருமன் என்கிறோம்.

இதனை அளந்தறிய உடல் நிறை குறியீட்டெண் பயன்படுகிறது. பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த அடால்ஃப் கெட்டலே என்னும் அறிஞர் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த கணக்கு இது. கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இவ்வெண் கிடைக்கும். 1.60 மீட்டர் உயரமும் 64 கிலோகிராம் எடையும் உடைய ஒருவருக்கு இது 25 ஆகும். வளர்ச்சி முடிந்த பெரியவர்களுக்கு 25ஐ மிகை எடையின் தொடக்கமாகவும் 30ஐ உடற்பருமனின் தொடக்கமாகவும் உலகச் சுகாதார நிறுவனம் கொள்கிறது.

வளர்கின்றவர்களுக்கு இந்த ஒரே அளவுகோல் பொருந்தாது. 22 என்னும் குறியீட்டெண் 18 வயது இளைஞருக்கு இயல்பானது. 12 வயதுச் சிறுவருக்கு அதுவே மிகை எடையைக் குறிக்கும். வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப வரையப்பட்ட வளர்ச்சி அட்டவணையோடு ஒப்பிட்டே முடிவுக்கு வர வேண்டும். இந்தியக் குழந்தைகளுக்கான தனி அட்டவணைகளை இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 2015ஆம் ஆண்டு வெளியிட்டுள்ளது. எனவே, மாணவர் ஒருவர் தாமே கணக்கிட்டு அஞ்சுவதும், பிறர் உருவத்தைக் கண்ணால் அளந்து தீர்ப்புக் கூறுவதும் முறையாகா. மருத்துவரிடமோ பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவினரிடமோ கேட்டுத் தெளிவதே நன்று.

தெரிந்து தெளிவோம்

புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக், இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கின் ஆகிய இருவரின் உடல் நிறை குறியீட்டெண்ணும் ஒன்றே, 22.3. ஆனால், ஊடுகதிர்க் கருவியால் அளந்தபோது யுட்கினின் உடலில் 9.1 விழுக்காடும் யாக்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடும் கொழுப்பு இருந்தது. 2004ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் இருவரும் தங்கள் படங்களோடு இதனை வெளியிட்டனர். ஒத்த எடையிலும் இந்தியர் உடலில் கொழுப்பு மிகுந்திருக்கக்கூடும் என்பதை அக்கட்டுரை உணர்த்தியது. கருவிலிருக்கும்போதே நேரும் ஊட்டக்குறைவு இதற்கு ஒரு காரணமாகலாம் என்பது ஆய்வாளர் கருத்து. வாழ்க்கைமுறையின் பங்கையும் அவர்கள் நகைச்சுவையோடு சுட்டினர்: யுட்கின் மாரத்தான் ஓடுபவர், யாக்னிக்கின் உடற்பயிற்சியோ, மின்தூக்கிக் கதவு மூடுவதற்குள் ஓடிச் சென்று ஏறுவது.

எண்கள் காட்டும் மாற்றம்

உலகில் 5 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் மிகை எடையும் உடற்பருமனும் உடையோர் 1990ஆம் ஆண்டில் 8 விழுக்காட்டினராக இருந்தனர். 2022இல் அவர்கள் 20 விழுக்காட்டினராக உயர்ந்துள்ளனர் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரு தலைமுறைக் காலத்திற்குள் இவ்விகிதம் இரண்டு மடங்குக்கும் மேலாகியிருக்கிறது.

இந்தியாவின் நிலை சற்றுச் சிக்கலானது. 2016 முதல் 2018 வரை நடைபெற்ற தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டின் வளரிளம் பருவத்தினரில் 24 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற எடையின்றி மெலிந்துள்ளனர். 5 விழுக்காட்டினர் மிகை எடை உடையவர்கள். ஒரே வகுப்பறையில், ஏன், ஒரே தெருவில் இவ்விரு நிலைகளையும் காண்கிறோம். எடை மிகுதல் செல்வர் வீட்டுச் சிக்கல் என்னும் எண்ணமும் இனிப் பொருந்தாது. மலிவாகக் கிடைக்கும் எண்ணெய்ப் பண்டங்களும் இனிப்புப் பானங்களும் எல்லா ஊர்களிலும் கடைவாயிலில் தொங்குகின்றன.

பிள்ளைகளைப் போலவே பெற்றோரும் மாறிவருகின்றனர். தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் மிகை எடையோ உடற்பருமனோ உடையோர் 2015-16இல் 30.9 விழுக்காட்டினர், 2019-21இல் 40.4 விழுக்காட்டினர். ஆண்களில் இது 28.2 விழுக்காட்டிலிருந்து 37.0 விழுக்காடாக உயர்ந்துள்ளது. பிள்ளையின் எடையைப் பற்றிக் கவலைப்படும் வீட்டில் பெரியவர்களின் எடையும் அதே காலத்தில் கூடியிருக்கிறது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. இருவருக்கும் பொதுவான ஏதோ ஒன்று மாறியிருக்கிறது.

உழைப்பும் உடலும்

இயக்கத்துக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பை அறிவியல் உலகுக்கு முதன்முதலில் தெளிவாக உணர்த்தியவர்களுள் ஒருவர் ஜெரி மோரிஸ் என்னும் பிரித்தானிய மருத்துவர். இலண்டன் நகரின் மாடிப் பேருந்துகளில் பணியாற்றியவர்களை அவர் ஆராய்ந்தார். ஓட்டுநர் பணிநேரம் முழுவதும் அமர்ந்தே இருப்பார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்குவதற்காக நாள்தோறும் நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்குவார். இருவரும் ஒரே பேருந்தில், ஒரே சாலையில் செல்பவர்கள். ஆயினும், ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்ததை 1953ஆம் ஆண்டு மோரிஸ் வெளியிட்டார்.

நம் நாட்டில் நடைபெற்ற ஓர் ஆய்வு இன்னொரு கோணத்தைக் காட்டியது. மேற்கு வங்கத்தின் சணல் ஆலை ஒன்றில் பணிபுரிந்தவர்களின் உணவையும் எடையையும் உழைப்பையும் ழான் மேயர் என்னும் ஊட்டச்சத்து அறிஞர் இந்திய ஆய்வாளர்களோடு இணைந்து ஆராய்ந்து 1956இல் வெளியிட்டார். மிதமாகவும் கடுமையாகவும் உழைத்தவர்கள் உழைப்புக்கு ஏற்ற அளவில் உண்டனர். அவர்களது எடையில் பெரிய வேறுபாடு இல்லை. பெரும்பாலும் அமர்ந்தே இருந்தவர்கள் குறைவாக உண்டிருக்க வேண்டும் அல்லவா? அவர்களோ, மிதமாக உழைத்தவர்களைவிடக் கூடுதலாக உண்டனர். எடையும் அவர்களுக்கே மிகுந்திருந்தது. இயக்கம் ஓர் எல்லைக்குக் கீழே குறையும்போது பசி அதற்கேற்பக் குறைவதில்லை என்பதை இவ்வாய்வு உணர்த்தியது.

உடலுக்குள் நிகழ்வதையும் அறிந்துகொள்வோம். உணவிலிருந்து கிடைக்கும் சர்க்கரையைத் தசைகள் ஏற்றுக்கொள்ள இன்சுலின் என்னும் சுரப்பு துணைபுரிகிறது. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினை எதிர்பாராமலும் அது சர்க்கரையை ஈர்த்துக்கொள்ளும். இயக்கமற்ற தசையில் இத்திறன் மங்குகிறது. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்க வேண்டியதாகிறது. பயன்படாத ஆற்றல் கொழுப்பாகத் தங்குகிறது. இந்நிலை நீடித்தால் நடுவயதில் வர வாய்ப்புள்ள நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் இளமையிலேயே வரக்கூடும். கல்லீரலில் கொழுப்புப் படிதல், மூட்டுவலி, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகியவையும் பருமனோடு தொடர்புடையவை.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். உடற்பயிற்சி ஒன்றே எடையைக் குறைத்துவிடும் என்று எண்ணுதல் பிழை. அரை மணி நேர நடையில் செலவாகும் ஆற்றலை ஒரு குவளை இனிப்புப் பானம் சில நிமிடங்களில் ஈடுசெய்துவிடும். உணவும் சீர்பட வேண்டும். அதே வேளையில், எடை சிறிதும் குறையாவிட்டாலும் இயக்கம் வீணாவதில்லை. எலும்பு உறுதிபெறுகிறது, நெஞ்சுரம் கூடுகிறது, உறக்கம் ஆழ்ந்து அமைகிறது, மனச்சோர்வு தணிகிறது. எடைகாட்டும் கருவியில் தெரியாத நன்மைகள் இவை.

இயக்கம் குறைந்த வரலாறு

5 முதல் 17 வயதுக்குட்பட்டோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமேனும் மூச்சு வாங்கும்படியாக இயங்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 11 முதல் 17 வயதுக்குட்பட்ட பள்ளி மாணவர்களில் 81 விழுக்காட்டினர் இவ்வளவை எட்டவில்லை என்று 146 நாடுகளின் தரவுகளைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வு கூறுகிறது. மாணவர்களில் 78 விழுக்காட்டினரும் மாணவியரில் 85 விழுக்காட்டினரும் இதில் அடங்குவர்.

நம் தெருக்களை நினைத்துப் பார்ப்போம். சடுகுடு, கிளித்தட்டு, கிட்டிப்புள், பச்சைக்குதிரை, பாண்டி, நொண்டி என்று விளையாட்டுகளின் பெயர்களை அடுக்கிக் கூறும் நாம், அவற்றை விளையாடிய நாளை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. விளையாடிய இடங்கள் வீடுகளாயின. தெருவை ஊர்திகள் நிறைத்துக்கொண்டன. பத்தாம் வகுப்பை எட்டியதும் மாலைப்பொழுது தனிப்பயிற்சிக்கு உரியதாகிறது. பல பள்ளிகளில் உடற்கல்விப் பாடவேளையையும் தேர்வுக்குரிய பாடங்கள் எடுத்துக்கொள்கின்றன. எஞ்சும் நேரத்தைக் கைப்பேசி ஈர்த்துக்கொள்கிறது.

மாணவியர்க்கு இன்னொரு தடையும் உண்டு. பூப்பெய்திய பின் தெருவில் ஓடி விளையாடுவது தகாது என்று கருதும் வீடுகள் இன்றும் உள்ளன. அச்சமும் கட்டுப்பாடும் அன்பின் பெயராலேயே வருகின்றன. எலும்பும் தசையும் உறுதிபெற வேண்டிய வயதில் ஒரு சிறுமியின் கால்கள் வீட்டுக்குள் நின்றுவிடுகின்றன.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பில் சேர்ந்தவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கப்படுகிறது. தொலைவு காரணமாகப் படிப்பு நின்றுவிடக் கூடாது என்பது இதன் நோக்கம். ஒவ்வொரு நாளும் இரண்டு முறை மிதித்துச் செல்லும் மாணவர், விளையாட்டுத் திடலுக்குப் போகாமலேயே தமக்குரிய இயக்கத்தின் பெரும்பகுதியைப் பெற்றுவிடுகிறார். அதே மிதிவண்டி வீட்டுத் திண்ணையில் சாய்ந்து நிற்க, தந்தையின் இருசக்கர வண்டியில் பின்னால் அமர்ந்து செல்லும் மாணவர்களும் உண்டு. 'வெயிலில் பிள்ளை களைத்துப் போவான்' என்னும் பரிவே அதற்குக் காரணம். கொடுத்த வண்டி ஓடுவதும் ஓடாததும் வீட்டில் எடுக்கப்படும் முடிவைப் பொறுத்திருக்கிறது.

மரபும் வீடும்

'எங்கள் குடும்ப வாகு அப்படி' என்று சிலர் அமைதி கொள்வதுண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை ஆல்பர்ட் ஸ்டங்கர்டு என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்து 1986இல் முடிவுகளை வெளியிட்டனர். வளர்ந்தபின் அவர்களது உடல்வாகு, வளர்த்த பெற்றோரை ஒத்திராமல் பெற்றெடுத்தவர்களை ஒத்திருந்தது. உடல் எடையில் மரபணுக்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை இவ்வாய்வு நிறுவியது. ஒரே உணவை உண்ணும் உடன்பிறந்தார் இருவரில் ஒருவர் மெலிந்தும் ஒருவர் பருத்தும் இருப்பதன் காரணம் இதுவே. எடை மிகுந்தவரைச் சோம்பேறி என்றோ பெருந்தீனி உண்பவர் என்றோ பழிப்பது எவ்வளவு அறியாமை என்பதும் இதனால் விளங்கும்.

ஆயினும், மரபணுக்கள் ஒரு தலைமுறைக்குள் மாறிவிடுவதில்லை. 8 விழுக்காடு 20 விழுக்காடாக உயர்ந்தது முப்பத்திரண்டு ஆண்டுகளில். மரபு விதையைப் போன்றது. வீடும் ஊரும் நிலத்தைப் போன்றவை. விதை மாறாதிருக்கையில் விளைச்சல் மாறுகிறதென்றால், மண்ணையும் நீரையும் ஆராய வேண்டும். பிள்ளை எதை உண்ணும், எப்போது உறங்கும், எவ்வளவு நேரம் அமர்ந்திருக்கும், பள்ளிக்கு எவ்வாறு செல்லும் என்பனவற்றைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வீடே ஆகும்.

பெற்றோரின் அடிச்சுவடு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஃபிரேமிங்காம் என்னும் ஊரில், 4 முதல் 7 வயதுக்குட்பட்ட குழந்தைகளும் அவர்தம் பெற்றோரும் அசைவை அளக்கும் சிறு கருவியை உடலில் அணிந்துகொண்டனர். முடிவுகள் 1991இல் வெளியாயின. இயக்கம் குறைந்த தாயின் குழந்தைகளோடு ஒப்பிட, சுறுசுறுப்பான தாயின் குழந்தைகள் சுறுசுறுப்பாக இருக்கும் வாய்ப்பு இரு மடங்காக இருந்தது. தந்தை சுறுசுறுப்பானவராக இருந்தால் அது மூன்றரை மடங்கு. தாய் தந்தை இருவருமே இயங்குபவர்களாயின், இருவரும் இயங்காத வீட்டுக் குழந்தைகளைவிட 5.8 மடங்கு. பெற்றோரைக் கண்டு பழகியது இதற்கு ஒரு காரணமாகலாம்.

இதனினும் நீண்டகால ஆய்வு ஒன்றுண்டு. லெனார்ட் எப்ஸ்டீன் என்னும் உளவியல் அறிஞர், உடற்பருமன் உடைய 6 முதல் 12 வயதுக் குழந்தைகளின் குடும்பங்களை மூன்று பிரிவுகளாக்கினார். மூன்று பிரிவினருக்கும் உணவு, உடற்பயிற்சி பற்றி ஒரே வகையான பயிற்சி தரப்பட்டது. முதற்பிரிவில் பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து பழக்கங்களை மாற்றிக்கொள்ள ஊக்குவிக்கப்பட்டனர். இரண்டாம் பிரிவில் குழந்தை மட்டும் மாற வேண்டும். மூன்றாம் பிரிவில் பயிற்சிக்கு வந்ததற்கு மட்டுமே பாராட்டு.

பத்து ஆண்டுகளுக்குப் பின், அக்குழந்தைகள் இளையோராக வளர்ந்திருந்தபோது மீண்டும் எடை பார்க்கப்பட்டது. உரிய எடைக்கு மேற்பட்டிருந்த விழுக்காடு மூன்றாம் பிரிவில் 14.3 புள்ளிகள் கூடியிருந்தது. குழந்தை மட்டும் மாறிய பிரிவில் 4.5 புள்ளிகள் கூடியிருந்தது. பெற்றோரும் சேர்ந்து மாறிய பிரிவில் மட்டும் 7.5 புள்ளிகள் குறைந்திருந்தது. 1990இல் வெளியான இம்முடிவு ஒரு தெளிவைத் தருகிறது. அறிவுரை எல்லார்க்கும் ஒன்றாகவே கிடைத்தது. வீடு முழுவதும் மாறிய இடத்தில் மாற்றம் நிலைத்தது. பிள்ளையை மட்டும் மாறச் சொன்ன இடத்தில் அது நிலைக்கவில்லை.

சொல்லும் செயலும்

நம் வீடுகளில் உணவு அன்பின் மொழி. 'இன்னும் ஒரு கரண்டி' என்று இலையை மறைக்கும் கையை விலக்கிப் பரிமாறுவதை விருந்தோம்பல் என்கிறோம். பசியைக் கண்டு வளர்ந்த பாட்டிக்குப் பேரன் தட்டில் மிச்சம் வைப்பது பொறுக்காது. அவ்வுணர்வு மதிக்கத்தக்கது. எனினும், வயிறு நிறைந்ததை உடல் உணர்த்தும்போது நிறுத்திக்கொள்வதும் ஒரு பயிற்சியே. தட்டைக் காலி செய்தால்தான் பாராட்டு என்று பழக்கப்பட்ட பிள்ளை, தன் வயிற்றின் குரலைக் கேட்கும் திறனை மெல்ல இழந்துவிடுகிறது. பரிமாறும் அளவைச் சிறிதாக்கி, வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள்ளச் செய்வது அன்புக்குக் குறைவாகாது.

கண்டிப்பும் எல்லைமீறினால் பயன் தராது. அமெரிக்க உளவியல் அறிஞர் லீயன் பிர்ச்சும் அவர்தம் மாணவியும் சிறு குழந்தைகளுக்கு முன்னே தின்பண்டத்தைக் கண்ணாடி போன்ற சாடியில் வைத்து, எடுக்கக் கூடாது என்று தடுத்தனர். தடுக்கப்பட்ட பண்டத்தின்மீதே குழந்தைகளின் எண்ணமும் பேச்சும் சென்றன. அதன் விருப்பம் முன்பைவிடப் பெருகியது. அலமாரியில் பண்டங்களை நிறைத்துவைத்துப் பிள்ளையிடம் 'தொடாதே' என்பதைவிட, அவற்றை வீட்டுக்கு வாங்கிவராதிருப்பதே எளிது. வேர்க்கடலையும் சுண்டலும் பழங்களும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் கை தானே அவற்றை நாடும்.

எல்லாவற்றினும் கூரியது சொல். எடை மிகுந்த பிள்ளைக்கு உடல்நலக் கேடு பெரும்பாலும் பின்னாளில் வரும்; கேலி இன்றே வருகிறது. வகுப்பில் ஒரு பட்டப்பெயர், உறவினர் கூடும் திருமணத்தில் ஒரு குறிப்பு, உணவு உண்ணும்போது ஒரு பார்வை என்று அது பின்தொடர்கிறது. நகைக்கப்பட்டவர் விளையாட்டுத் திடலைத் தவிர்க்கிறார். அதனால் இயக்கம் மேலும் குறைகிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் வளரிளம் பருவத்தினரையும் பெற்றோரையும் ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு இதனை வேறொரு வகையில் உறுதிப்படுத்தியது. பிள்ளையின் எடையையும் உருவத்தையும் பற்றிப் பெற்றோர் பேசிய வீடுகளில், பட்டினி கிடத்தல் போன்ற தீய வழிகளில் எடையைக் குறைக்க முயலும் பிள்ளைகள் மிகுந்திருந்தனர். எடையைச் சுட்டாமல் நல்ல உணவைப் பற்றி மட்டும் பேசிய வீடுகளில் அத்தகையோர் குறைவாக இருந்தனர். 'நீ குண்டாகிவிட்டாய்' என்பதும் 'இன்று நாம் கீரை சமைப்போம்' என்பதும் ஒரே கவலையிலிருந்து பிறக்கும் சொற்களே. அவற்றின் விளைவுகள் வெவ்வேறாகின்றன.

இல்லத்தில் இயன்றவை

பெற்றோரைக் குற்றவாளிகளாக்குவது இப்பாடத்தின் நோக்கமன்று. துணிக்கடையில் நாள் முழுவதும் நின்று பணிபுரியும் தாய்க்கும் இரவுப் பணி முடித்துத் திரும்பும் தந்தைக்கும் நேரம் மிகக் குறைவு. நடைபாதையற்ற சாலையும் திடலற்ற பள்ளியும் அவர்கள் உருவாக்கியவை அல்ல. அவற்றைச் சீராக்குவது அரசின், உள்ளாட்சியின், பள்ளியின் கடமை. உடற்கல்விப் பாடவேளையை அதற்கே விட்டுவைப்பது பள்ளிகள் செய்யக்கூடிய முதற்பணி. இவற்றுக்கிடையே, செலவின்றி வீட்டிலேயே தொடங்கக்கூடியவையும் சில உள்ளன.

60 நிமிடத்தை ஒரே மூச்சில் பெற வேண்டியதில்லை. பள்ளிக்கு மிதிவண்டியில் சென்று திரும்புவதும், மாடிக்குப் படியேறுவதும், இடைவேளையில் பந்து விளையாடுவதும் சேர்ந்தே அந்த 60 நிமிடத்தை நிறைக்கும். குதித்தல், கயிறு தாண்டுதல், ஏறுதல் போன்று எலும்புக்கும் தசைக்கும் உறுதிதரும் செயல்களை வாரத்துக்கு மூன்று நாளேனும் மேற்கொள்ள வேண்டும். தண்ணீர் எடுத்தல், வீடு பெருக்கித் துடைத்தல், துணி துவைத்தல் ஆகியவையும் இயக்கமே. இப்பணிகள் தாயின்மீதும் மகளின்மீதும் மட்டுமே சுமத்தப்படும் வீட்டில் மகன் அமர்ந்தே வளர்கிறான். பகிர்ந்து செய்தால் தாய்க்கு ஓய்வு, மகனுக்கு இயக்கம், மகளுக்கு விளையாட நேரம்.

இரவு உணவுக்குமுன் தந்தையும் மகளும் தெருவில் ஒரு சுற்று நடந்து வந்தால், அன்றைய நடைக்கு மேலும் ஒரு பயன் உண்டு. அந்தத் தெரு அவளுக்கும் உரியது என்பதை ஊர் பார்க்கிறது. நாளை அவள் தோழியரோடு அதே தெருவில் நடக்க அது துணைநிற்கும். உண்ணும் வேளையில் தொலைக்காட்சியும் கைப்பேசியும் அணைக்கப்பட்டிருத்தல் நன்று. அவ்விதி பெரியவர்களுக்கும் பொருந்த வேண்டும். பெற்றோர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே பிள்ளையின் கைப்பேசியைப் பறித்தால், அங்கே கற்பிக்கப்படுவது அதிகாரம் மட்டுமே.

வீட்டின் பழக்கங்கள் மேலிருந்து கீழே மட்டும் பாய்வன அல்ல. வளரிளம் பருவத்தினர் வீட்டில் கேட்கப்படும் குரல் உடையவர்கள். 'அம்மா, இன்று கடைக்கு நடந்தே போய் வருவோமா?' என்று மகன் அழைப்பதற்குத் தடையில்லை. திண்ணையில் நிற்கும் மிதிவண்டியின் சக்கரத்துக்குக் காற்றடிக்கும் முடிவை மாணவரே எடுக்கலாம். எப்ஸ்டீனின் ஆய்வில் பயன் கண்ட பிரிவில் பெற்றோரும் பிள்ளையும் மாற்றத்தைச் சேர்ந்தே மேற்கொண்டனர்.

பிள்ளையின் எடை பிள்ளையின் தனிக் குற்றமன்று. பெற்றோரின் தனிக் குற்றமும் அன்று. ஒரே கூரையின்கீழ் ஒரே வகையாக வாழ்பவர்கள் எல்லார்க்கும் உரிய பொதுநிலை அது. தீர்வும் பொதுவாகவே அமைதல் வேண்டும். இப்பருவத்தில் சேர்ந்து நடக்கப் பழகியவர்கள் தம் பிள்ளைகளையும் அவ்வாறே நடத்திச் செல்வர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் குடும்பத்தினர் ஒவ்வொருவரும் ஒரு நாளில் எவ்வளவு நேரம் அமர்ந்தும் எவ்வளவு நேரம் இயங்கியும் இருக்கின்றனர் என்பதை ஒரு வாரம் குறித்து, அட்டவணையாக்குக.
2. உங்கள் தாத்தா, பாட்டி ஆகியோர் இளமையில் விளையாடிய விளையாட்டுகளைக் கேட்டறிந்து, அவற்றுள் ஒன்றன் விதிமுறைகளை வகுப்பில் விளக்குக.
3. 'உடற்கல்விப் பாடவேளை உடற்கல்விக்கே' என்னும் தலைப்பில் பள்ளித் தலைமையாசிரியருக்கு வேண்டுகோள் கடிதம் எழுதுக.

மதிப்பீடு

குறுவினா

1. உடல் நிறை குறியீட்டெண் எவ்வாறு கணக்கிடப்படுகிறது?
2. வளரிளம் பருவத்தில் எடை கூடுவது எப்போது மிகை எடை எனப்படுகிறது?

சிறுவினா

1. மேற்கு வங்கச் சணல் ஆலை ஆய்வு உணர்த்தும் கருத்தினை எழுதுக.
2. 'மரபு விதையைப் போன்றது; வீடும் ஊரும் நிலத்தைப் போன்றவை' – இத்தொடரைப் பாடக்கருத்துகளைக் கொண்டு விளக்குக.

நெடுவினா

1. வளரிளம் பருவத்தினரின் உடல் எடையிலும் இயக்கத்திலும் பெற்றோரின் சொல்லும் செயலும் பெறும் பங்கினைச் சான்றுகளுடன் விவரிக்க.